நிலமும் பொழுதும்: கல்லூரிக் கூடைப்பந்து நடந்து வந்த வழி

நிலமும் பொழுதும் முதற்பொருள் என்பது தமிழ் இலக்கணம் கண்ட உண்மை. மாந்தர்தம் ஒழுக்கம் எதுவாயினும் அது நிகழ்வதற்கு ஓர் இடமும் ஒரு காலமும் வேண்டும். அவ்விரண்டும் மாறின் ஒழுக்கமும் மாறும். அகத்திணைக்குத் தொல்காப்பியர் வகுத்த இந்நெறி விளையாட்டின் வரலாற்றுக்கும் பெரிதும் பொருந்தும். ஓர் ஆட்டம் எங்குத் தோன்றியது, யார் கையில் வளர்ந்தது, யாரை எட்டாமல் நின்றது என்னும் வினாக்களுக்கு, அவ்வாட்டத்துக்கு வாய்த்த நிலமும் பொழுதும் யாவை என்று பார்த்தாலன்றி விடை காண்பது அரிது.

சிங்கப்பூரின் கிழக்கே, தெம்பனிஸ் நகரின் அடுக்குமாடி வீடுகளுக்கு இடையே மாலையில் நடந்து செல்வோர், கூடைப்பந்துக் களங்களில் இளைஞர் ஆடக் காண்பர். அவர்களுள் தமிழ் இளைஞரும் உண்டு. ஆயினும், ‘கூடைப்பந்து சீனப் பிள்ளைகளின் ஆட்டம், நம் பிள்ளைக்குக் கால்பந்தே பொருந்தும்’ என்னும் பேச்சு நெடுங்காலமாக வழங்கி வருகிறது. உயரம் போதாது என்பர் சிலர், பழக்கம் இல்லை என்பர் வேறு சிலர். பெற்றோர் கூறின் அது வெறும் பேச்சாக முடியும். ஆசிரியர் கூறின் அது மாணவனுக்கு விதியாகிவிடும். ஆகவே இக்கூற்று உண்மைதானா என்பதை வரலாற்றின் துணைகொண்டு ஆராய்வது வேண்டப்படுவதாகும்.

பனிக்காலத்தில் பிறந்த ஆட்டம்

உலகில் பரவிய பெரிய ஆட்டங்களுள் தோன்றிய ஆண்டும் இடமும் ஆக்கியோன் பெயரும் ஐயமின்றித் தெரிந்தவை மிகச் சில. கூடைப்பந்து அவற்றுள் ஒன்று. 1891-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டு நகரில், கிறிஸ்தவ இளைஞர் சங்கத்தின் பயிற்சிப் பள்ளியில் இவ்வாட்டம் தோன்றியது. அதனை ஆக்கியவர் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்னும் ஆசிரியர். அவர் 1861-இல் கனடாவில் பிறந்தவர்.

அவருக்கு நேர்ந்த இடர் ஆசிரியர் எவருக்கும் விளங்கக்கூடியது. இலையுதிர் காலத்தில் மாணவர் திறந்தவெளியில் கால்பந்து ஆடுவர். இளவேனில் வந்தால் வேறு பந்தாட்டம் உண்டு. இடைப்பட்ட பனிக்காலத்திலோ வெளியே கால் வைக்க இயலாது. உள்ளே கை கால்களை நீட்டி மடக்கும் உடற்பயிற்சி ஒன்றே இருந்தது. வளர்ந்த மாணவர் பதினெண்மர் கொண்ட ஒரு வகுப்பு அதனை வெறுத்தது. முன்பு அவ்வகுப்பை ஏற்ற ஆசிரியர் இருவர் அதனை அடக்க இயலாமல் கைவிட்டனர். பள்ளியில் உடற்பயிற்சித் துறைக்குத் தலைமை தாங்கிய லூதர் குலிக், இரண்டு வாரத்துக்குள் புதிய ஆட்டம் ஒன்றைக் கண்டு தருமாறு நெய்ஸ்மித்தைப் பணித்தார்.

நெய்ஸ்மித் சிந்தித்த முறை கருதத்தக்கது. பந்தை ஏந்திக்கொண்டு ஓடுவதனால்தான் பிறர் ஓடுபவனைப் பிடித்துத் தள்ளுகின்றனர். ஓடுவதைத் தடுத்துவிட்டால் தள்ளுவதற்குக் காரணமில்லை. இலக்கு நிலத்தில் நிமிர்ந்து நின்றால் வலிமையாக எறிபவனே வெல்வான். தலைக்கு மேலே கிடையாக வைத்தால் மென்மையாக வளைத்து எறிபவன் வெல்வான். இவ்விரு எண்ணங்களின்மேல் அவர் 13 விதிகளை எழுதினார். பள்ளிப் பணியாளர் கொண்டுவந்து தந்த இரண்டு பீச் பழக்கூடைகள் பத்தடி உயரத்தில் மாடத்தின் விளிம்பில் அடிக்கப்பட்டன. அந்தப் பத்தடி உயரம் இன்றுவரை மாறவில்லை. வகுப்பில் பதினெண்மர் இருந்தமையால் பக்கத்துக்கு ஒன்பதின்மராயினர். கூடையின் அடி மூடியிருந்ததால், பந்து விழுந்தபோது ஏறித்தான் எடுக்கவேண்டியிருந்தது. முதல் ஆட்டத்தில் ஒரே ஒருமுறை பந்து கூடையில் விழுந்தது.

எனவே கூடைப்பந்து மல்லர் கண்டதுமன்று, மன்னர் கண்டதுமன்று. அடங்காத வகுப்பை ஓர் ஆசிரியர் ஆற்றுப்படுத்தக் கண்ட வழி அது. அதன் நிலம் பள்ளிக்கூடத்து உள்ளறை. அதன் பொழுது பனிக்காலம். கல்லூரிகள் அதனை ஏற்றபோதும் அப்பொழுதே அதற்குரிய பருவமாயிற்று. 1895-ஆம் ஆண்டு பிப்ரவரியில் மினசோட்டாவின் ஹேம்லின் கல்லூரி அண்மையிலிருந்த வேளாண்மைப் பள்ளியோடு ஆடியது. 1896 ஜனவரியில் சிக்காகோ பல்கலைக்கழகம் அயோவாவில் பக்கத்துக்கு ஐவராக ஆடி 15-12 என வென்றது. 1897-இல் ஐவர் என்பதே வழக்காயிற்று. கல்லூரிகளுக்கிடையிலான நாடளாவிய போட்டி 1939-இல் எட்டு அணிகளோடு தொடங்கியது. டிசம்பரில் தொடங்கி மார்ச்சில் முடியும் ‘பருவம்’ என்னும் ஒழுங்கு இவ்வாறு அமைந்தது.

சென்னைக்கு வந்த வழி

ஸ்பிரிங்ஃபீல்டு பள்ளியில் பயின்றவர் பலர் உலகின் பல பகுதிகளுக்கும் சென்றனர். அவருள் ஒருவர் ஹாரி குரோ பக். அவர் சென்னைக்கு வந்து, 1920-இல் கிறிஸ்தவ இளைஞர் சங்க உடற்பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். அதுவே பின்னர் கல்லூரியாகி இன்று நந்தனத்தில் உள்ளது. 1924-இல் பாரிஸ் ஒலிம்பிக் போட்டிக்குச் சென்ற இந்திய அணியின் மேலாளராகவும் பக் பணியாற்றினார். 1943-இல் காலமானார்.

அவர் தொடங்கியது விளையாட்டுச் சங்கமன்று, ஆசிரியர் பயிற்சிப் பள்ளி. இவ்வேறுபாடு பெரிது. சங்கம் தன் உறுப்பினரை மட்டும் ஆட்டுவிக்கும். ஆசிரியரைப் பயிற்றும் பள்ளியோ ஆண்டுதோறும் பலரை ஊர்தோறும் அனுப்பும். அவ்வாசிரியர் சென்ற உயர்நிலைப் பள்ளிகளின் முற்றத்தில் இரண்டு கம்பங்கள் நடப்பட்டன. தமிழ்நாட்டின் கல்லூரிகளும் பள்ளிகளும் கூடைப்பந்தைப் பற்றிக்கொண்டது இவ்வழியேதான். இந்தியத் தேசியப் போட்டிகளில் தமிழ்நாடு நெடுங்காலமாக முன்வரிசையில் நிற்கிறது. சென்னையைச் சேர்ந்த அனிதா பால்துரை இந்திய மகளிர் அணிக்குத் தலைமை தாங்கி, 2021-இல் பத்மஸ்ரீ விருதும் பெற்றார். தமிழருக்கு உயரம் போதாது என்போர் சென்னைக் கல்லூரி மைதானங்களைக் கண்டால் தம் கருத்தை மாற்றிக்கொள்வர்.

அவ்வாறாயின், கடல் கடந்து மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் வந்த தமிழரிடையே இவ்வாட்டம் வேரூன்றாமல் போனது ஏன்? வந்தவருள் பெரும்பாலோர் உயர்நிலைப் பள்ளியின் வாயிலைக் காணாத உழைப்பாளர். மலாயாவில் 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தின்படி, பள்ளி வயதுக் குழந்தைகள் பதின்மர் இருந்த தோட்டத்தில் பள்ளி அமைப்பது நிர்வாகத்தின் கடமையாயிற்று. அப்பள்ளிகள் பல ஓரறைப் பள்ளிகளே. ஒரே ஆசிரியர் பல வகுப்புகளை ஒருங்கே நடத்தினார். பிள்ளைகள் சடுகுடுவும் கிளித்தட்டும் ஆடினர், தோட்டத் திடலில் கால்பந்தும் உதைத்தனர். கல் பாவிய களமும் வளையமும் பலகையும் அங்கு வருவதற்கு வழியில்லை. நிலம் இல்லை, ஆகவே ஆட்டமும் இல்லை.

சீனப் பள்ளியின் முற்றம்

சீனத்துக்கும் கூடைப்பந்து கிறிஸ்தவ இளைஞர் சங்கத்தின் வழியாகவே, 1890-களிலேயே தியன்சின் நகரில் சென்று சேர்ந்தது. 1936-இல் பெர்லினில் கூடைப்பந்து முதன்முறையாக ஒலிம்பிக் போட்டியில் இடம்பெற்றபோது சீன அணியும் அங்கு ஆடியது. முதியவரான நெய்ஸ்மித் அதனை நேரில் கண்டார். அக்காலத்தில் நன்யாங் எனப்பட்ட தென்கடல் நாடுகளின் சீனப் பள்ளிகளுக்கு ஆசிரியரும் பாடநூலும் சீனத்திலிருந்து வந்தன. அவற்றோடு இவ்வாட்டமும் வந்தது. சிங்கப்பூரில் டான் கா கீ முதலியோர் முயற்சியால் 1919-இல் தோன்றிய சீன உயர்நிலைப் பள்ளி போன்ற நிலையங்களின் முற்றங்களில் அது வளர்ந்தது.

இதற்குப் பொருளியற் காரணமும் உண்டு. கூடைப்பந்துக் களம் 28 மீட்டர் நீளமும் 15 மீட்டர் அகலமும் உடையது. அதன் பரப்பு 420 சதுர மீட்டர். பன்னாட்டு அளவிலான கால்பந்துத் திடல் 105 மீட்டருக்கு 68 மீட்டர், அதாவது 7,140 சதுர மீட்டர். ஒரு கால்பந்துத் திடலில் பதினேழு கூடைப்பந்துக் களங்கள் அடங்கும். பரந்த புல்தரை ஆட்சியாளர் கையில் இருந்தது. அரசு மானியத்தைப் பெரிதும் நம்ப இயலாமல், வணிகர் நன்கொடையால் நடந்த பள்ளிகளுக்குச் சிறிய முற்றமே வாய்த்தது. அம்முற்றத்துக்கு ஏற்ற ஆட்டம் கூடைப்பந்து. ஒரு பந்தும் இரு வளையமும் இருந்தால் பள்ளி முழுதும் முறைவைத்து ஆடலாம். கேலாங்கில் 1937-இல் எழுந்த ‘ஹேப்பி வோர்ல்டு’ கேளிக்கைப் பூங்காவின் உள்ளரங்கு அதனைப் பொதுமக்களின் காட்சியாகவும் ஆக்கியது.

இந்தியர்க்கு வாய்த்த நிலம் வேறு. பாடாங் திடலின் ஒரு முனையில் ஐரோப்பியரின் கிரிக்கெட் கழகம், மறுமுனையில் யுரேஷியரின் கழகம் என்ற ஒழுங்கைப் பின்பற்றி, பாலஸ்டியர் பகுதியில் 1923-இல் நிறுவப்பட்ட இந்தியர் சங்கமும், 1928-இல் நிறுவப்பட்ட இலங்கையர் விளையாட்டுக் கழகமும், 1931-இல் நிறுவப்பட்ட கால்சா சங்கமும் தத்தம் திடலைப் பெற்றன. அத்திடல்கள் புல்வெளிகள். அவற்றில் வளர்ந்தவை ஹாக்கியும் கிரிக்கெட்டும் கால்பந்தும். ஒவ்வோர் இனமும் தனக்குக் கிடைத்த நிலத்தின் ஆட்டத்தை ஆடியது. பின்வந்தோர் அந்நிலத்தை மறந்து, ஆட்டம் இனத்தின் இயல்பு என்று கருதலாயினர். பிழை பிறந்த இடம் இதுவே.

சொந்தக் களமில்லாத ஒரு கல்லூரி

நிலமும் வாயிலும் மறுக்கப்பட்டவர் இவ்வாட்டத்தின் தாயகத்திலேயே இருந்தனர் என்பதற்கு ஒரு கல்லூரி அணியின் கதை சான்றாகும். கல்லூரிக் கூடைப்பந்தின் வரலாற்றில், தோல்வியே காணாமல் நாடளாவிய போட்டியின் பட்டம் வென்ற பருவங்கள் சில உண்டு. அவற்றுள் முதலாவது, சான் பிரான்சிஸ்கோ பல்கலைக்கழக ஆடவர் அணியின் 1955-56 பருவம்.

இப்பல்கலைக்கழகம் 1855-இல் இயேசு சபையார் நிறுவியது. சென்னையில் 1925-இல் இலயோலாக் கல்லூரியைத் தொடங்கியவரும் அச்சபையாரே. கல்லூரி சிறியது. அணிக்கென ஓர் உள்ளரங்கு அதனிடம் இல்லை. அண்மையிலிருந்த உயர்நிலைப் பள்ளியின் கூடத்தை இரவல் பெற்று மாணவர் பயின்றனர். வீடில்லாதவர் என்று செய்தித்தாள்கள் அவர்களை அழைத்தன. பயிற்றுநர் ஃபில் வுல்பர்ட் புள்ளி குவிப்பதைவிட எதிரியைத் தடுப்பதையே முதற்கல்வியாகப் புகட்டியவர்.

அணியின் நடுவில் நின்றவர் பில் ரசல். லூசியானாவில் 1934-இல் பிறந்து, பெற்றோருடன் ஓக்லாந்துக்குக் குடிபெயர்ந்த கறுப்பின இளைஞர். உயர்நிலைப் பள்ளியில் அவரைப் பெரிய ஆட்டக்காரர் என எவரும் கருதவில்லை. உதவித்தொகை தர முன்வந்த கல்லூரி இஃதொன்றே. அவருடன் கே.சி. ஜோன்ஸ், ஹால் பெரி ஆகிய கறுப்பின மாணவர் இருவரும் முதல் ஐவருள் இடம்பெற்றனர். அக்காலத்தில் ஒரு கல்லூரி அணியின் முதல் ஐவருள் மூவர் கறுப்பினத்தவராக இருந்தது பலருக்கு வியப்பாகவும் சிலருக்கு வெறுப்பாகவும் இருந்தது. பள்ளிகளில் நிறவேற்றுமை செல்லாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1954 மே மாதத்தில்தான் தீர்ப்பளித்திருந்தது. 1954 டிசம்பரில் ஓக்லஹோமா நகருக்குப் போட்டிக்குச் சென்றபோது, கறுப்பின மாணவருக்கு அங்குள்ள விடுதிகள் இடமளிக்கவில்லை. வெள்ளை மாணவர் தாம் மட்டும் விடுதியில் தங்க உடன்படவில்லை. விடுமுறைக்காக மூடிக்கிடந்த கல்லூரி மாணவர் இல்லம் ஒன்றில் அணி முழுதும் ஒன்றாகத் தங்கியது. அப்போட்டியில் அவ்வணியே வென்றது.

1954-55 பருவத்தில் அவ்வணி 28 வெற்றியும் 1 தோல்வியும் பெற்று, இறுதியில் லாசால் கல்லூரியை 77-63 என வென்று நாடளாவிய பட்டம் பெற்றது. மறு பருவத்தில் 29 ஆட்டம் ஆடி 29-உம் வென்றது. அப்பருவத்தின் முடிவில் ஓர் இடையூறும் நேர்ந்தது. ஜோன்ஸ் ஈராண்டுகளுக்கு முன் ஒரு பருவத்தில் ஒரே ஓர் ஆட்டம் ஆடி, குடல்வால் நோயால் எஞ்சிய ஆட்டங்களை விட்டவர். அவ்வோர் ஆட்டத்தையும் ஓர் ஆண்டாகக் கணக்கிட்ட விதி, பட்டத்துக்கான இறுதிச் சுற்றுகளில் அவரை ஆடவிடாது தடுத்தது. அவரின்றியே அணி 1956 மார்ச்சில் அயோவாவை 83-71 என வென்றது. இரு பருவங்களிலும் தொடர்ந்து பெற்ற வெற்றி 55. ரசல் கல்லூரியை விட்ட பின்னரும் அத்தொடர் 60 வரை நீண்டது.

அப்பருவம் ஆட்டத்தின் நிலத்தையே மாற்றிவிட்டது. வளையத்தின் அருகில் நெட்டையர் நின்று ஆடுவதைக் குறைக்கும்பொருட்டு, வளையத்துக்கு முன்னுள்ள தடைப்பகுதியின் அகலத்தை ஆறடியிலிருந்து பன்னிரண்டடியாகக் கல்லூரி விதியாளர் பெருக்கினர். நிலம் ஆட்டக்காரரை ஆக்கும் என்பது மேலே கண்டது. பெரிய ஆட்டக்காரர் நிலத்தையும் திருத்துவர் என்பது இதனால் விளங்கும்.

வரலாற்று மாணவர் ஈண்டுக் கருதவேண்டியது வேறொன்று. 29 வெற்றி என்பது எண். எண்ணைப் பிறிதோர் அணி முந்தலாம், முந்தியும் உள்ளது. சொந்தக் களமில்லாத சிறு கல்லூரி, பிறர் விலக்கிய மாணவரைச் சேர்த்துக்கொண்டு, விடுதி மூடிய கதவின் முன் பிரியாமல் நின்றதே அப்பருவங்களின் பொருள்.

மெல்பர்ன் அரங்கில்

பட்டம் வென்ற அதே 1956-இல், நவம்பர் 22 முதல் டிசம்பர் 8 வரை ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரில் ஒலிம்பிக் போட்டி நடந்தது. ரசலும் ஜோன்ஸும் அமெரிக்க அணியில் ஆடினர். அவ்வணி எட்டு ஆட்டங்களையும் வென்று, இறுதியில் சோவியத் ஒன்றியத்தை 89-55 எனத் தோற்கடித்துத் தங்கம் பெற்றது. அதே போட்டியில் ஆடிய பதினைந்து நாட்டு அணிகளுள் சிங்கப்பூரும் ஒன்று.

சிங்கப்பூர் அன்று பிரிட்டிஷ் குடியேற்ற நாடு, தன்னாட்சிக்கு இன்னும் மூன்றாண்டு இருந்தது. 1956 அக்டோபரில் சீன உயர்நிலைப் பள்ளி மாணவரின் கிளர்ச்சி கலவரமாக முற்றி, 13 உயிர்கள் மாண்டன. ஒரு மாதம் கழிவதற்குள் ஊரடங்கு கண்ட அந்நகரின் இளைஞர் மெல்பர்ன் அரங்கில் நின்றனர். வீ தியன் சியாக், ஹோ லியன் சியூ, கோ தாய் சுவென் முதலியோர் அவ்வணியினர். முதற்சுற்றில் சோவியத் ஒன்றியம், பிரான்சு, கனடா ஆகிய மூன்று வலிய அணிகளிடமும் தோற்றனர். சோவியத் அணியில் 218 சென்டிமீட்டர் உயரமுள்ள யானிஸ் குரூமின்ஷ் இருந்தார். அதன்பின் நடந்த ஆட்டங்களில் தென்கொரியாவுக்கும் தாய்லாந்துக்கும் மேலாகப் பதின்மூன்றாம் இடம் பெற்றனர். ரசலின் அணியோடு மோதும் வாய்ப்பு அவர்களுக்கு நேரவில்லை. சிங்கப்பூர்க் கூடைப்பந்து அணி ஒலிம்பிக்கில் ஆடியது அந்த ஒரு முறைதான்.

அப்போட்டிக்குச் சிங்கப்பூரிலிருந்து ஹாக்கி அணியும் சென்று எட்டாம் இடம் பெற்றது. அதில் அஜித் சிங் கில் போன்ற இந்திய வழியினரும் யுரேஷியரும் ஆடினர். கூடைப்பந்து அணியின் பெயர்ப்பட்டியலைப் படித்தால் சீனப் பெயர்களே காணப்படும். ஒரே கொடியின்கீழ்ச் சென்ற இரண்டு அணிகள் இரண்டு வேறு நகரங்களிலிருந்து வந்தவைபோல் தோன்றும். ஒன்று பள்ளி முற்றத்தின் அணி, மற்றொன்று புல்வெளியின் அணி. அவற்றைப் பிரித்தது உடலமைப்பன்று. மொழிவாரிப் பள்ளியும், இனவாரித் திடலுமே பிரித்தன.

தமிழ்ப் பள்ளிகளுக்கு முற்றமும் இல்லை, புல்வெளியும் இல்லை. சிங்கப்பூரில் தமிழ் பயிற்றுமொழியாக இருந்த பள்ளிகள் சிறியனவாகவே தோன்றிச் சிறியனவாகவே மறைந்தன. அவற்றுள் இறுதியாக எஞ்சிய உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளி 1982-இல் மூடப்பட்டது. ஆட்ட வரலாற்றில் அவற்றின் பெயர் இல்லாமைக்கு மாணவரைக் குறைகூறுவது பொருந்தாது.

தெம்பனிஸ் பெற்ற நிலம்

வேலிகள் தகர்ந்தது வீட்டு வாசலில். தெம்பனிஸ் என்பது ஒருவகை வலிய மரத்தால் வந்த பெயர். தோட்டமும் சிற்றூர்களும் மணல் தோண்டிய குழிகளுமாக இருந்த அப்பகுதியை வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் 1970-களின் இறுதியில் தொடங்கிப் புதுநகராக எழுப்பியது. 1992-இல் அந்நகருக்காக உலக வாழிட விருதும் கிடைத்தது. 1989-இல் வந்த இன ஒருங்கிணைப்புக் கொள்கையால், ஒவ்வோர் அடுக்குமாடியிலும் எல்லா இனத்தவரும் கலந்து குடியிருக்கும் நிலை உறுதியாயிற்று. அதற்கு ஈராண்டு முன்னர், 1987-இல், மொழிவாரிப் பள்ளிகள் மறைந்து ஆங்கிலமே எல்லாப் பள்ளிகளுக்கும் முதன்மைப் பயிற்றுமொழியாயிற்று. தமிழும் சீனமும் மலாயும் தாய்மொழிப் பாடங்களாயின. இதனால் தமிழுக்கு நேர்ந்த இழப்புப் பெரிது, அதனை மறைப்பதற்கில்லை. ஆயின் பள்ளி முற்றம் பொதுவாயிற்று என்பதும் உண்மையே.

புதுநகரங்களை அமைத்தோர்க்கும் பழைய சீனப் பள்ளிகளுக்கு இருந்த அதே நெருக்கடி இருந்தது. நிலம் குறைவு, ஆள் மிகுதி. ஆகவே அடுக்குமாடிகளிடையே கூடைப்பந்துக் களங்கள் அமைந்தன. ஒரு சங்கத்தின் சொத்தாகவோ ஒரு பள்ளியின் முற்றமாகவோ இல்லாத களம் தமிழ்ச் சிறுவனின் வீட்டுக்குக் கீழே முதன்முறையாக வந்தது. அதில் இறங்க எவர் இசைவும் வேண்டியதில்லை.

பொழுதும் மாறியது. நிலநடுக்கோட்டை ஒட்டிய நாட்டில் பனிக்காலம் இல்லை. ஆகவே ஆட்டத்தின் பருவத்தைக் கதிரவன் வகுக்கவில்லை, தேர்வு அட்டவணை வகுக்கிறது. தெம்பனிஸில் தொடக்கக் கல்லூரி 1986 முதல் இயங்கி, 2019-இல் மெரிடியன் தொடக்கக் கல்லூரியுடன் இணைந்தது. தொடக்கக் கல்லூரிகளின் படிப்பு ஈராண்டு. ஆண்டிறுதியில் பெருந்தேர்வு நிற்பதால் பள்ளிகளுக்கிடையிலான போட்டி ஆண்டின் முற்பகுதியிலேயே முடிந்துவிடும். 1990-இல் நிறுவப்பட்டு 1995-இல் தெம்பனிஸ் வளாகத்துக்கு வந்த தெமாசெக் பலதுறைத் தொழிற்கல்லூரியில் படிப்பு மூன்றாண்டு. அதன் அணிகள் ஏனைய தொழிற்கல்லூரிகளோடும், பல்கலைக்கழகங்களும் கலந்துகொள்ளும் போட்டிகளிலும் ஆடி வருகின்றன.

இவ்வணிகளின் தன்மையை ஆசிரியர் உணர்தல் வேண்டும். தொழில்முறை அணியில் ஆட்டக்காரர் பத்தாண்டு நிற்கலாம். கல்லூரி அணியிலோ முதற்பருவத்தில் கற்றுக்கொள்கிறான், மறுபருவத்தில் கற்பிக்கிறான், அதற்குள் தேர்வு வந்துவிடுகிறது. ஆடவர்க்கு அதன்பின் தேசிய சேவை காத்திருக்கிறது. பெயர் நிலைத்திருக்க, ஆள் மாறிக்கொண்டே இருக்கும் அமைப்பு அது. மூத்தவன் தான் அறிந்ததை இளையவனுக்குக் கையளிக்காவிட்டால் மறு பருவம் அணி இல்லை. ஏட்டுக் கல்வியில் ஆசிரியர் செய்யும் பணியை அங்கு மாணவனே மாணவனுக்குச் செய்கிறான். சான் பிரான்சிஸ்கோ அணி 1955-56 பருவம் முழுதும் தோல்வியின்றி நின்றதும் ரசல் ஒருவரால் மட்டுமன்று. ஜோன்ஸ் நீங்கிய இடத்தில் மற்றொருவர் ஆயத்தமாக நின்றமையாலும் ஆகும்.

வேலி தகர்ந்தும் பழக்கம் உடனே மாறிவிடுவதில்லை. தேசிய அணியின் பட்டியலில் இன்றும் சீனப் பெயர்களே மிகுதி. ஆயினும் 2006-இல் தோன்றிய சிங்கப்பூர் ஸ்லிங்கர்ஸ் அணியிலும் தேசிய அணியிலும் பத்மன் மதியழகன் ஆடினார். ஒரு பெயரைக்கொண்டு மரபு தோன்றிவிட்டது என்று கூறலாகாது. மரபுக்குத் தடை எதுவும் இயற்கையில் இல்லை என்று கூற அவ்வொரு பெயர் போதும்.

முடிபு

மேற்கண்ட வரலாற்றால் பெறப்படுவது இதுவே. ஸ்பிரிங்ஃபீல்டில் பதினெண்மர் ஆடியது ஓர் ஆசிரியர் கூடைகளைத் தொங்கவிட்டமையால். சென்னையில் தமிழர் ஆடியது பயிற்சி பெற்ற ஆசிரியர் ஊர்தோறும் சென்றமையால். சிங்கப்பூரில் சீனர் ஆடியது அவர்தம் பள்ளிகளுக்கு முற்றம் இருந்தமையால். தமிழ்ப் பிள்ளை ஆடாதிருந்தது அவனுக்கு முற்றம் இல்லாமையால். இவற்றுள் எதிலும் குருதியின் பங்கு இல்லை.

தெம்பனிஸில் இன்று நிலம் உண்டு, பொழுதும் உண்டு. முதற்பொருள் இரண்டும் வாய்த்த இடத்தில் எஞ்சுவது ஒழுக்கமே. அதற்கு முதலடி எடுத்துவைக்க வேண்டியவர் ஆசிரியர். ‘இஃது உனக்குரிய ஆட்டமன்று’ என்று ஒரு மாணவனிடம் கூறுவதற்கு முன், அவனுக்கு அக்களம் எந்த ஆண்டு திறந்தது என்பதை அவர் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.